பிணத்தின் முன்னால் மட்டும்தானா?

சென்ற ஆடித் திருவிழாவின்போது, ஆயர் தாவாரை அடுத்த ஓர் ஊரிலே, கோயில் மேடையில் பதினாறு வயதுள்ள ஒரு பெண் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றாள். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயருக்கு நேரே ‘பாட்டு’ என்று மாத்திரம் அச்சிட்டிருந்தது. சாமி பாட்டோ சினிமாப் பாட்டோ வரப்போகிறதென்று எல்லோரும் இருந்தார்கள். அவளோ கைப்பேசியில் ஒரு தாளத்தை ஓடவிட்டு, தானே எழுதிய சொற்களை, இந்நாளில் ‘ராப்’ என்றும் ‘சொல்லிசை’ என்றும் வழங்கும் முறையிலே மூச்சு விடாமல் பொழியத் தொடங்கினாள். தன் பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியது. தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டு, செம்பனை நட்டது. லயத்தை விட்டு வெளியேறும்படி கடிதம் வந்தது. அக்கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய தாத்தா கள்ளுக்கடையில் இருந்தது. இவ்வளவுதான் அவள் சொன்னது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிராது. ஒலிபெருக்கி நின்றது. கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் மேடையின் ஓரமாக வந்து, “போதும்மா, இறங்கு” என்றார். அவள் இறங்கிவிட்டாள்.

அடுத்தபடியாக ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினாள். அப்பாட்டின் இரண்டாவது அடியை இங்கே அச்சிட நமக்குத் துணிவில்லை. அதன் பொருள் இன்னதென்று அக்குழந்தைக்குத் தெரியாது. கைதட்டிய பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு ஒரு ஹேம்பர் கூடை பரிசாகக் கிடைத்தது.

மறுநாள் நாம் கமிட்டியாரைக் கண்டு, அப்பெண்ணை நிறுத்தியதற்குக் காரணம் என்னவென்று கேட்டோம். அது அமெரிக்கக் கறுப்பர்களின் கூத்து, நம்முடைய கலாசாரமல்ல என்றார் ஒருவர். பாட்டென்றால் ராகம் வேண்டாமா, அது வெறும் சத்தம் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் சற்று யோக்கியமானவர். உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். “வயசுக்கு வந்த பொண்ணு, நாலு பேர் முன்னால நின்னு வீட்டு விஷயத்தையும் தோட்டத்து விஷயத்தையும் இப்படிக் கத்திக்கிட்டிருந்தா, நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?” என்றார்.

பேச்சுக்கிடையில் நாம் ஒரு பெயரைச் சொன்னோம். எம்.ஐ.ஏ. என்று உலகமெல்லாம் அறியப்பட்ட மாதங்கி அருள்பிரகாசம் என்பது அப்பெயர். உடனே அம்மூவரின் முகமும் மலர்ந்துவிட்டது! “ஆமாங்க, நம்ம தமிழ்ப் பொண்ணு. ரஹ்மானோட ஆஸ்கார் வரைக்கும் போனவங்களாச்சே” என்றார்கள். அந்தத் ‘தமிழ்ப் பொண்ணு’ என்ன பாடி அவ்விடத்துக்குப் போனார் என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவேதான் இதனை எழுதுகின்றோம். பெருமைப்படுவதற்கு முன்னால், தாங்கள் பெருமைப்படும் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

மாதங்கி 1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். தந்தை அருள்பிரகாசம், ‘அருளர்’ என்னும் இயக்கப் பெயருடன், ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். வீட்டில் அவரைக் காண்பது அரிது. எப்போதாவது வந்தாலும், குழந்தைகளிடம் அவர் ஒரு மாமா என்றே சொல்லி வைத்திருந்தார்களாம். நாட்டைக் காக்கப் புறப்பட்ட ஆண்பிள்ளைகளின் வீடுகளை யார் காத்தார்கள் என்ற கேள்வியைச் சரித்திரக்காரர்கள் கேட்பதில்லை. இவ்வீட்டில் காத்தவர் தாயார் கலா. யாழ்ப்பாணத்திலும், சிறிது காலம் சென்னையிலுமாக வறுமையில் அல்லாடி, 1986-ல் மூன்று குழந்தைகளுடன் அகதியாக லண்டன் திரும்பி, ஊசி பிடித்துப் பிழைத்தவர் அவர். பிரிட்டிஷ் அரசி வழங்கிவந்த பதக்கங்களுக்குரிய தையல் வேலையையும் அவ்வம்மையார் வருஷக்கணக்காகக் கையால் செய்துவந்தார். 2019-ல் எம்.பி.இ. என்னும் அந்தப் பதக்க வரிசையிலேயே மகளுக்கு ஒன்று அறிவிக்கப்பட்டபோது, தாயின் கையுழைப்பை நினைத்தே அதை ஏற்றுக்கொள்வதாக மகள் சொன்னார். பட்டங்களில் நமக்குப் பிரியமில்லை. இருந்தாலும் இந்த ஒரு பதக்கத்தைக் குறித்து அதிகமாகப் பேச நமக்கு மனம் வரவில்லை.

லண்டனின் தெற்கே மிட்சம் என்ற பகுதியில், நகரசபை ஏழைகளுக்கென்று கட்டிய பிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பிலே அவர்களுக்கு இடம் கிடைத்தது. அத்தகைய குடியிருப்புக்கு அங்கேயும் ‘எஸ்டேட்’ என்றே பெயர்! நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளையர் மிகுந்த அந்த எஸ்டேட்டில் தமிழ்க் குடும்பம் பட்ட வசைகளை விரிக்க இங்கே இடமில்லை. ஒரு நாள் வீட்டிலிருந்த ரேடியோ களவு போயிற்று. ரேடியோ இல்லாத இரவில், பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்த ஹிப்-ஹாப் பாட்டைக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இங்கிலீஷ் சரியாகத் தெரியாத அகதிச் சிறுமிக்கு அந்தச் சொல்வேகமே பாஷையையும் கற்றுக்கொடுத்தது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், வேலையற்ற கறுப்பு வாலிபர்கள் இரண்டு இசைத்தட்டுகளையும் ஓர் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு பெற்றெடுத்த கலை, ஒரு யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சுவர் வழியாக வந்து சேர்ந்தது. அதற்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. ‘நம்முடையதல்ல’ என்று சொல்லும் கமிட்டியாரைக் கேட்கின்றோம்: ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? பிடில் யாருடையது? மேடையில் நீங்கள் நிறுத்தி வைத்த ஒலிபெருக்கியைக் கம்பரா செய்தார்?

நிற்க. அவர் பாட்டுக்காரியாகப் புறப்பட்டவரல்லர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் பயின்று 2000-ல் பட்டம் பெற்றவர். அச்சு வெட்டி வண்ணம் தெளித்து அவர் ஆக்கிய படங்களில் புலிகளும் பனைமரங்களும் யுத்தமும் இருந்தன. எலாஸ்டிகா என்னும் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் சிநேகம் கிடைத்து, அக்குழுவின் இசைத்தட்டு உறைக்குப் படம் செய்து கொடுத்தார். அவர்களோடு அமெரிக்காவுக்குச் சென்று பயணத்தைப் படம் பிடித்தார். அப்பயணத்திலே பீச்சஸ் என்ற மற்றொரு பெண், ரோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளக் கருவியை அவருக்குக் காட்டி, நீயும் செய்து பார் என்றார். கருவியைப் பெரிய சங்கீத யந்திரமென்று நினைத்துவிட வேண்டாம். மேசைமேல் வைத்துத் தட்டக்கூடிய பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டி ஒன்று, பழைய நான்கு தட ஒலிப்பதிவு யந்திரம் ஒன்று, ஓர் ஒலிவாங்கி. இவற்றை வைத்துக்கொண்டு லண்டனில் ஓர் அறைக்குள் ஆறு பாட்டுக்களைப் பதிவு செய்தார். பாட வேறு பெண்களைத் தேடிப் பார்த்தும் சரிப்படாமல் போகவே, கடைசியில் தாமே பாடிவிட்டார்.

இதில் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கருவியைக் காட்டியவள் பெண். சிநேகம் தந்து இடம் கொடுத்தவள் பெண். சோறு போட்டு வளர்த்தவள் பெண். குரு என்று ஒருவரில்லை, அரங்கேற்றமில்லை, தட்சிணையில்லை, நல்ல நாள் பார்க்கவுமில்லை. கலைமகளின் ஒரு வடிவமாகிய மாதங்கியின் பெயரை வைத்ததால்தான் கலை வந்ததென்று சொல்லக்கூடிய பேர்வழிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படியானால் சரஸ்வதி என்ற பெயருடைய ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த நாட்டில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக் களத்தில் நின்றார்களே, அவர்களுக்கு ஏன் வரவில்லை? வராமல் இருந்ததா, அல்லது வந்ததை நாம் கேட்கவில்லையா? இதற்குப் பின்னால் வருகின்றோம்.

அந்த ஆறு பாட்டுக்களுள் ‘கலாங்’ என்ற ஒன்றை, 2003-ன் முடிவில் ஷோபிஸ் என்னும் சிறு கம்பெனி 500 தட்டுகள் மாத்திரமே போட்டது. அது கேளிக்கைக் கூடங்களிலும், கணினி வலைகளிலும், அமெரிக்கக் கல்லூரி வானொலிகளிலும் கைமாறிப் பரவியது. 2004-ல் எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2005 மார்ச்சில் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதற்கு வீட்டில் இல்லாத தந்தையின் இயக்கப் பெயரையே, ‘அருளர்’ என்று சூட்டினார். பெயரை மாற்றும்படி தந்தை மின்னஞ்சல் அனுப்பியதாகவும் மகளே சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை! அவ்வருஷம் பிரிட்டனின் மெர்க்குரிப் பரிசுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட சில தொகுப்புகளுள் அதுவும் ஒன்றாக இருந்தது. இரண்டாவது தொகுப்புக்கு, 2007-ல், தாயின் பெயரை வைத்து ‘கலா’ என்றார். நம் சமூகத்தில் எத்தனை கட்டடங்களுக்கு, எத்தனை பரிசுகளுக்கு, எத்தனை மண்டபங்களுக்குத் தாயின் சொந்தப் பெயர் இருக்கிறது? ‘அன்னை இல்லம்’ என்று பலகை தொங்கவிடுவோம். அந்த அன்னையின் பெயரென்ன என்று கேட்டால் பேரனுக்குத் தெரியாது.

இனி உறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமிட்டியாருக்கும் நமக்கும் உள்ள வழக்கின் நடுப்புள்ளி அதுவே.

2006-ல் அமெரிக்க அரசாங்கம் மாதங்கிக்கு விசா கொடுக்காமல் இழுத்தடித்தது. அங்கே போய்ப் பெரிய இசையமைப்பாளர்களுடன் வேலை செய்வதாக இருந்த திட்டம் உடைந்துபோயிற்று. உடைந்ததும் அவர் என்ன செய்தார்? இந்தியாவுக்கும், டிரினிடாடுக்கும், லைபீரியாவுக்கும், ஜமாய்க்காவுக்கும் போய்ப் பதிவு செய்தார். சென்னையிலே அவர் தேடிப்போனது சபாக்களை அல்ல, உறுமி அடிப்பவர்களை. ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: தொடங்கியது முதல் முடிகிற வரையில் உறுமியும் மேளமும் குமுறிக்கொண்டே இருக்கும். அதே தொகுப்பின் முதற்பாட்டில் இளையராஜாவின் ‘தளபதி’ப் படப் பாட்டிலிருந்து ஒரு துண்டும் ஒலிக்கும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, அது மிருகம் போல் உறுமுவதால் அந்தப் பெயர் வந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ளவர்கள், இது என்ன கருவி, இது எந்த நாட்டுத் தாளம் என்று வியந்தார்கள்.

அந்தக் கருவி நமக்குப் புதிதா? பேராக் மாநிலத்தில் உறுமி மேளம் கேளாத தோட்டம் எது? தைப்பூசத்தில், தீமிதியில், காவடிக்கு முன்னால், பாடைக்கு முன்னால் அது இல்லாமல் நடந்ததுண்டா? ஆனால் அதை அடிக்கிற பையனைக் காலி என்கிறோம், ரௌடி என்கிறோம். தேருக்கு முன்னால் உறுமி வேண்டும். மேடையின் மேல் உறுமி கூடாது. தோலைத் தொட்டு அடிக்கும் கருவியெல்லாம் தாழ்ந்தது என்று கப்பலேறி வந்த சாதிப் புத்தி, தோட்டம் அழிந்தும் அழியாமல், லயம் இடிந்தும் இடியாமல், நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘வெறும் சத்தம்’ என்று கமிட்டியார் சொன்னது உண்மையில் ராகத்தைப் பற்றிய அபிப்பிராயமல்ல. எந்தக் கைகள் அந்தச் சத்தத்தை எழுப்புகின்றன என்பதைப் பற்றிய அபிப்பிராயமே அது. 1929-ஆம் ஆண்டின் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசிவிட்டுப் போனார். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் தாளத்துக்குச் சாதி பார்க்கும் காதுகள் நம்மிடையே இருக்கின்றன.

இன்னும் ஒரு வியாதி உண்டு. அது நம்மவர்க்கு மாத்திரம் உரியதல்ல. ‘அருளர்’ வெற்றி பெற்றவுடன், இதையெல்லாம் செய்தது டிப்லோ என்னும் அமெரிக்க வாலிபர்தான் என்று மேல்நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் எழுதத் தொடங்கினார்கள். அத்தொகுப்பில் அவர் பங்கு மிகச் சிறியது. டிப்லோவைச் சந்திக்கும் முன்பே ‘கலாங்’ வெளிவந்துவிட்டது. 2007-ல் ஒரு பேட்டியில் மாதங்கி இதை முகத்துக்கு நேரே மறுத்து, பெண் ஒருத்தி தானாக ஒன்றைச் செய்ய முடியுமென்று நம்ப உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்னும் கருத்துப்படப் பேசினார். பெண் சமைத்தால் கைப்பக்குவம்; பெண் ஆக்கினால் பின்னால் எவனோ இருக்கிறான்! ஆயர் தாவார்ப் பெண்ணின் விஷயத்திலும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, “இதை உனக்கு எவன் எழுதிக் கொடுத்தான்?” என்பதுதான் என்று பிற்பாடு அறிந்தோம்.

மாதங்கியின் எல்லாச் சொல்லையும் செயலையும் நாம் தாங்கிப் பேச வரவில்லை. அவருடைய ஆரம்பப் படங்களிலும் பாட்டுக்களிலும் துப்பாக்கியும் புலியும் அதிகம் உண்டு. பலாத்காரத்தைப் புகழ்கிறார் என்று கண்டித்தவர்கள் உண்டு. அவர்களில் இலங்கையைச் சேர்ந்தவர்களும் உண்டு. பாலஸ்தீன இயக்கத்தின் பெயர் வருகிறதென்பதற்காக ‘சன்ஷவர்ஸ்’ பாட்டின் படத்தை எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. குண்டுகளுக்கிடையே வளர்ந்த குழந்தை பூக்களின் பாஷையில் பேசவில்லை என்பதைப் புரிந்துகொள்ளலாம். துப்பாக்கிப் படத்தை அலங்காரப் பொருளாக்கியது நமக்கு உவப்பல்ல. 2020-ல் தடுப்பூசியைப் பற்றி அவர் சொன்னது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது. ஆனால் கமிட்டியார் அவரைப் புகழ்ந்தது இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து அல்லவே! வெள்ளைக்காரன் கைதட்டினான், ஆகவே நாமும் தட்டினோம். 2009 பிப்ரவரி 8-ஆம் தேதி, நிறைமாதக் கர்ப்பிணியாக, பிரசவத்துக்குக் குறித்த அதே நாளில், கிராமி விழா மேடையில் நான்கு பேர்போன ஆண் ராப் பாடகர்களுடன் நின்று பாடினாரே, அந்தப் படத்தைக் கமிட்டியார் பார்த்ததுண்டா? ‘யார் கட்டிக்குவாங்க’ என்று கவலைப்பட்ட அன்பர் அவசியம் பார்க்க வேண்டும்.

இப்போது நம் தோட்டத்துச் சரஸ்வதிகளுக்கு வருவோம்.

ராப் என்பது என்ன? தாளத்தின் மேல், இசையாமலும் இசைத்தும், கண்முன் நடப்பதைச் சொல்லடுக்கி அந்த நிமிஷத்திலேயே பாடுவது, நியாயம் கேட்பது, பெயர் சொல்லி இடித்துரைப்பது. இது நம் கிழவிகளுக்குத் தெரியாததா? தோட்டத்துச் சாவு வீட்டிலே ஒப்பாரி கேட்டவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். எழுத்தறியாத பாட்டி மார்பில் அடித்துக்கொண்டு, செத்தவனின் குணத்தை, அவனைக் கைவிட்ட அண்ணனின் அற்பத்தனத்தை, சம்பளத்தைப் பிடித்த கங்காணியை, மருந்து தராத கிராணியை எதுகை மோனையோடு வெளுத்து வாங்குவாள். ஒருவரும் அவளைத் தடுப்பதில்லை. அண்ணன்காரன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஆகக்கூடி, தமிழ்ப் பெண் நாலு பேர் நடுவில் நின்று உண்மையைப் பாட்டாகச் சொல்லுவதற்கு நம் கலாசாரம் பூரண அனுமதி அளித்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனைதான்: எதிரே ஒரு பிணம் கிடக்க வேண்டும்.

உயிருள்ளவர்கள் முன்னால் அதே பெண்ணின் பேத்தி பாடினால் மாத்திரம் விசையை அணைத்துவிடுகிறோம். அந்தப் பெண் மேடையில் பாடியது தன் பாட்டியின் ஒப்பாரியைத்தான். செத்தது தோட்டம்.

ஆண்பிள்ளைகள் இதே சொல்லிசையைச் செய்தபோது நாம் என்ன சொன்னோம்? 1990-களில் போயெடிக் அம்மோ குழுவினர் கோலாலம்பூரிலிருந்து எழும்பினார்கள். 2006-ல் யோகி பி-யும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டு, இந்த நாட்டுத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடே திரும்பிப் பார்க்கச் செய்தார்கள். கல்யாண வீட்டில்கூட அப்பாட்டுக்கள் ஒலித்தன; ‘நம்ம பசங்க’ என்று தோளில் தட்டினோம். சிங்கப்பூரின் லேடி காஷ் தம் தோழியுடன் 2010-ல் ‘எந்திரன்’ படத்தில் பாடியபோதும் மகிழ்ந்தோம். அது அடுத்த வீட்டுப் பெண்ணல்லவா! நம் வீட்டுப் பெண்ணென்றால் கலாசாரம் குறுக்கே வந்துவிடுகிறது.

பெண் துணிந்து வெளியே வருவது நம் தோட்டங்களுக்கு நூதனமல்ல என்பதையும் சொல்லிவைக்கின்றோம். 1943-ல் ஜான்சி ராணிப் படை திரட்டப்பட்டபோது, இந்தியாவைக் கண்ணால் கண்டிராத மலாயாத் தோட்டத்துப் பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி பிடிக்கப் போனார்கள். அவர்களைப் பற்றி வருஷம் ஒருமுறை மேடையில் பேசுகிறோம். அவர்களுடைய பேத்தி ஒலிவாங்கி பிடித்தால் கை நடுங்குகிறது, அவளுக்கல்ல, நமக்கு.

நாம் விசாரித்த வரையில், அந்தப் பெண் இப்போது வீட்டில் ஆடைகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்கிறாளாம். அங்கேதான் எதிரொலி இல்லையாம். மிட்சம் எஸ்டேட் பெண்ணிடம் இருந்த தாளப் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு வல்லமையுள்ள கருவி அவள் உள்ளங்கையிலேயே இருக்கிறது. பட்டணத்துப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவி, வாரம் ஒருமுறை வந்து ஒலி சேர்ப்பது எப்படியென்று சொல்லிக் கொடுக்கிறாளாம். இல்லாதது ஒரு மேடையும், விசையை அணைக்காத கையும்தான்.

ஆகவே கமிட்டியாருக்கு நம் கோரிக்கை இது. அடுத்த ஆடிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அதில் பதினைந்து நிமிஷம் அவளுக்கு ஒதுக்குங்கள். ‘பாட்டு’ என்று மழுப்பாமல் ‘சொல்லிசை’ என்றே போடுங்கள். தேருக்கு முன்னால் அடித்து முடித்த உறுமிப் பையன்களை மேடைமேல் ஏற்றி, அவள் பின்னால் நிறுத்துங்கள். அவளுடைய பாட்டிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். நாங்கள் பின்வரிசையில் நின்றுகொள்கிறோம். ஹேம்பர் கூடையை வழக்கம்போல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியின் விசையை மாத்திரம் அந்தக் கல்லூரிப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுங்கள்.